என் ஓரகத்தியின் மூக்கு

என் ஓரகத்தியைக் கடையில் எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள். முகத்தில் அது ஒன்றும் பெரிதில்லை. மூக்கும் முழியுமாக லட்சணமாகத்தான் இருப்பாள். ஆனால் எது நடந்தாலும் முதலில் வேர்ப்பது அவள் மூக்கில்தான். ட்ரை கிளீனிங் மிஷினின் கதவில் மயிரிழை அளவு கசிந்தால்கூட, பத்தடி தள்ளிக் கறை எடுக்கும் மேசையில் நின்றபடி, "வாடை வருது, நிறுத்துங்க" என்பாள். நிறுத்திப் பார்த்தால் கசிந்திருக்கும். இருபத்திரண்டு வருடம் அந்த மூக்கை நம்பித்தான் கடை ஓடியது.

நான் அவள் கொழுந்தனின் மனைவி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்பேன். பேச்சு மட்டும் நீ, வா, போ என்றுதான். பதினோரு வருடமாக அதே கடையின் முன்பக்கத்தில் துணி வாங்கிச் சீட்டு எழுதும் வேலை எனக்கு. ஒரே வீடு, ஒரே கடை, போக வர ஒரே பஸ். அதில் ஒருத்திக்குப் பேரும் பெருமையும், இன்னொருத்திக்குத் துணிச்சீட்டும் என்றால் எப்படி இருக்கும்? பொறாமைதான். அதை மறைத்து வைக்கிற சாமர்த்தியமும் எனக்குக் கிடையாது.

கடையின் பின்னறை நீளமானது. இருந்த ஒரே ஜன்னலும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. நடுவில் மிஷின். அதற்குள் துணியோடு சுற்றுவது பெர்குளோரோஎதிலீன். எங்கள் வாயில் அது பெர்க். பார்க்கத் தண்ணீர் போலிருக்கும், கேனைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். மிஷினுக்கு அந்தப் பக்கம் இஸ்திரி மேசை, இந்தப் பக்கம் அக்காவின் கறை மேசை. எண்ணெய்க் கறைக்கு ட்ரைக்குளோர், சாயக் கறைக்குப் பெயிண்ட் எடுக்கிற தண்ணி என்று மற்ற கடைகளில் தனித்தனிக் குப்பி வைத்திருப்பார்கள். அக்காவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒரு நாள் அந்த இரண்டோடு பெர்க்கையும் சேர்த்து ஒரே குப்பியில் ஊற்றினாள். அது பட்டால் போகாத கறை இல்லை என்று ஆகிவிட்டது. கடையில் அதன் பெயரே 'அக்கா தண்ணி'. குப்பியில் சீட்டு கிடையாது, எது எவ்வளவு என்று எங்கேயும் எழுதி வைத்ததும் கிடையாது. யாராவது கேட்டால், "அதெல்லாம் கைப்பக்குவம்" என்று சிரிப்பாள். மூடி நாள் முழுக்கத் திறந்தே இருக்கும்.

முதலாளி ஒரு தடவை காற்றில் இருப்பதை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வந்தார். ஒரு மாதத்தில் அதன் பேட்டரி தீர்ந்தது. "அக்கா மூக்கு இருக்கறப்ப இதுக்கு எதுக்குப் பேட்டரி" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சீட்டுகள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பேன்.

அக்காவின் மருமகள் கல்யாணமான ஆறாம் மாதம் இஸ்திரி மேசைக்கு வந்து சேர்ந்தாள். குணமான பெண், வேகமான கை. போன வருடம் மூன்றாம் மாதத்தில் அவளுக்கு ஒன்று கலைந்துபோனது. ஒரு வாரம் படுத்திருந்து, எழுந்து, மறுபடி வேலைக்கு வந்தாள். இந்த வருடம் மறுபடி உண்டானபோது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. நாலாம் மாதம் பிறந்த பிறகுதான் என் வீட்டுக்காரரே மெல்ல, "பரவாயில்லயா?" என்று கேட்டார்.

"இந்த நேரத்துல அந்த ரூம் வேணாமேம்மா" என்று நான் மருமகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அத்தை மூக்கு இருக்கே, சின்னத்தை. எனக்கென்ன பயம்? அத்தை போன்னா போயிடுவேன்" என்றாள்.

அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டாள். "நான் பக்கத்துலயே இருக்கேன். கொஞ்சம் வாடை வந்தாலும் வெளிய அனுப்பிடுவேன்" என்றாள். நான் அதோடு விட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாய் என்று எனக்கு ஏற்கனவே பெயர்.

அந்தச் சமயத்தில்தான் வேலையிடங்களில் காற்றை அளக்கும் ஒரு பெண் வந்தாள். அக்காவுக்கும் மருமகளுக்கும் சட்டைக் கழுத்தில் விரல் நீளக் குழாய் ஒன்றைக் குத்தி, இடுப்பில் சின்னப் பம்பு ஒன்றைக் கட்டிவிட்டாள். நாள் முழுக்க அது முனகிக்கொண்டிருந்தது. "என் மூக்கு சொல்லாததயா இது சொல்லப் போகுது" என்று அக்கா நாலு தடவையாவது சொல்லியிருப்பாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு தபாலில் வந்தது. காற்றில் மூன்று ரசாயனச் சாமான் இருந்ததாம். மூன்றுக்கு நேராகவும் 'வரம்புக்குள்' என்று போட்டிருந்தது. கீழே நாலாவதாக ஒரு வரி: கூட்டுப் பங்கு 1.3. முதலாளிக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஒண்ணு சொச்சம்தானே, சின்ன எண்ணாகத்தானே இருக்கிறது என்று முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டிவிட்டார். இரண்டாம் பக்கத்தை என் மேசையில் போட்டார். நானும் படிக்கவில்லை. பேட்டரி செத்த கருவியை அதன்மேல் தூக்கி வைத்தேன். இதில் என் லட்சணமும் அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வங்கிக்குப் போய்விட்டுக் கடைக்குத் திரும்பினேன். வாசல்படியில் கால் வைத்ததுமே தித்திப்பும் காரமுமாக ஒரு நெடி தொண்டையைப் பிடித்தது. பின்னறைக்கு ஓடினேன். அக்கா கறை மேசையில் ஒரு கோட்டின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கதவுக்கடியில் தரை ஈரமாக இருந்தது.

"அக்கா, இவ்வளவு வாடை அடிக்குது, என்ன பண்ற?"

"வாடையா? ஒண்ணும் இல்லயே. உனக்குச் சளி பிடிச்சிருக்கும்."

அந்தப் பக்கம் மருமகள் இஸ்திரி மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "தலை சுத்துது சின்னத்தை. அத்தை ஒண்ணும் சொல்லல, அதான் நின்னுட்டேன்" என்றாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கல் மேல் உட்கார்ந்து அவள் வாந்தியெடுத்தாள். அக்கா வாசலில் வந்து நின்றாள். முகத்தில் கோபமில்லை, பதற்றமில்லை. திருடும்போது பிடிபட்ட முகம் அது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

முதலாளி கதவின் ரப்பரை மாற்ற ஆள் வரச் சொல்லிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். மருமகள் படுத்துவிட்டாள். அக்கா மட்டும் உட்காரவில்லை. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். தேய்த்து வைத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி, வழிந்து, அடுப்பில் கருகும் நெடி கூடத்திலிருந்த எனக்கு வந்தது. நான் ஓடிவந்து அடுப்பை அணைக்கும்வரை, இரண்டடி தள்ளி நின்ற அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா."

"என்ன?"

"பால் தீஞ்சு போச்சு."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகுதான் மூக்கை உறிஞ்சினாள், எனக்காக. நான் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து நீட்டினேன். "கண்ண மூடிக்கிட்டு இது என்னன்னு சொல்லு" என்றேன்.

"என்னடி விளையாட்டு இது?"

"சொல்லு அக்கா."

கண்ணை மூடினாள். நெஞ்சு நிறைய இழுத்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது. "சோப்புத்தூள்" என்றாள். கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம். முதல்ல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. அப்புறம் சுத்தமா இல்ல."

"அப்புறம் எப்படிக் கடையில கரெக்டா சொல்ற?"

இடுப்பிலிருந்து ஒரு நூல்சுருளை எடுத்துக் காட்டினாள். பட்டன் தைக்கும் வெள்ளை நூல். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சு. மிஷின் ஒரு தடவை ஓடினால் ஒரு முடிச்சு. நாற்பது முடிச்சு வந்தால், ஃபில்டர் அடைத்து நெடி கிளம்பும் நேரம் என்று அவளுக்குப் பழக்கத்தில் தெரியும். அப்போது மூக்கைத் தூக்கி, "வாடை வருது" என்பாள். கதவு ரப்பருக்கு வேறொரு நூல். அதற்கு எண்ணிக்கை நூற்றிருபது. இந்தத் தடவை ரப்பர் எழுபதிலேயே கிழிந்துவிட்டது. இரண்டு வருடமாக நாங்கள் நம்பியது இந்த நூலைத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் வந்தது.

"மருமககிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொல்லிட்டா அப்புறம் நான் யாரு?" என்றாள். "கடையில கறை எடுக்க ஆயிரம் பேர் கிடைப்பாங்க. மூக்குன்னு கூப்பிடறதாலதான் எனக்கு அங்க மரியாதை." பிறகு தானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "ரப்பர் மாத்திட்டா கசியாது. அந்தத் தாளுல எல்லாமே கம்மின்னுதானே போட்டிருக்கு."

தாள் என்றதும்தான் இரண்டாம் பக்கம் ஞாபகம் வந்தது. மத்தியானமே தனியாகக் கடைக்குப் போய், கருவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். பாதி புரியவில்லை, புரிந்த பாதியே போதுமாக இருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் தனி வரம்பு. காற்றிலிருந்த பெர்க் அதன் வரம்பில் பாதிக்குச் சற்று மேல். ட்ரைக்குளோர் அதன் வரம்பில் பாதியைத் தொடவில்லை. பெயிண்ட் தண்ணியும் அப்படித்தான். ஆனால் மூன்றும் தலையையும் கல்லீரலையும் ஒரே மாதிரி தாக்கும் சாமான்கள் என்பதால் மூன்று பங்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும், கூட்டியது ஒன்றைத் தாண்டினால் வரம்பு மீறியது என்று பொருள், கர்ப்பிணிகள் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நாங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருந்தது அந்த எச்சரிக்கையைத்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "தனித்தனியா கம்மிதானே? அப்புறம் எப்படி அதிகமாகும்?" என்று அதே இடத்தில் நின்றாள்.

"மருமக வந்த புதுசுல ஒரு நாள் குழம்புக்கு உப்பு போட்டோமே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்று நான் அளவாக ஒரு கை போட்டேன். நான் போட்டது தெரியாமல் அவள் ஒரு கை போட்டாள். நாங்கள் இருவரும் மறந்திருப்போம் என்று புது மருமகள் ஒரு கை போட்டாள். மூன்று பேர் போட்டதும் சரியான அளவு. வீட்டில் ஒருவரும் ஒரு வாய் விழுங்கவில்லை.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த மூணுல ரெண்டு என் குப்பியில இருந்துதான் வருது" என்றாள். "நான் கலந்தது." எழுந்து மருமகள் படுத்திருந்த அறை வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். சாயங்காலம் வரை அப்படித்தான் நடந்தாள். ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் ஓரகத்திச் சண்டை என்றுதான் அந்தப் பெண் நினைப்பாள். அவளுக்கு அத்தை சொன்னால்தான் சொல்.

மறுநாள் காலை மருமகள் எங்களுக்கு முன்னால் கிளம்பி பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருந்தாள். கடையில் புது ரப்பர் போட்டாயிற்று. முதலாளி ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு, "அக்கா, ஒரு தடவை மோந்து பாருங்க. நீங்க சரின்னா வேலைய ஆரம்பிச்சுடலாம்" என்றார். மருமகள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் இரண்டாம் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அக்கா எப்போதும்போல மூக்கைத் தூக்கிக்கொண்டு மிஷினை ஒரு சுற்று வந்தாள். கதவருகே குனிந்தாள். நிமிர்ந்தாள். இரண்டாவது சுற்றும் வந்தாள். "என்ன அக்கா, இன்னிக்கு இவ்வளவு நேரம்" என்று முதலாளி சிரித்தார். அவள் தன் மேசைக்குப் போய் அக்கா தண்ணிக் குப்பியை எடுத்தாள். மூடியைக் கழற்றி நேராக மூக்கினடியில் வைத்து ஆழமாக இழுத்தாள். எட்ட நின்ற எனக்கே கண் எரிந்தது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு இது பச்சத்தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். "மூக்கு போய் ரெண்டு வருஷமாச்சு."

முதலாளி, "விளையாடாதீங்க" என்றார். அவள் குப்பியை மூடிவிட்டு, இடுப்பிலிருந்த இரண்டு நூல்சுருளையும் எடுத்து இஸ்திரி மேசையில் மருமகள் முன்னால் வைத்தாள். "இதுதான் என் மூக்கு. இதப் பாத்துத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீ என்னை நம்பி இங்க நின்ன. பெட்டிய வெச்சுட்டு வெளிய போ. இனிமே இந்த ரூமுக்கு வராத."

மருமகள் நூலைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டு, வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நான் அந்தப் பக்கத்தை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு போய்ச் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றினார். அளவெடுத்த பெண்ணுக்கு அவரே போன் செய்தார். மிஷினை நிறுத்தினார். பதினைந்து நாளில் பின்சுவரை இடித்து, காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி மாட்டினார். குப்பிகள் தனித்தனியாகி மூடியும் சீட்டும் ஏறின. பேட்டரியும் வாங்கினார். அக்காவுக்கு முன்பக்கம் என் பக்கத்தில் பட்டன் தைக்கும் வேலை. இப்போது அவளை யாரும் மூக்கு என்று கூப்பிடுவதில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவதென்றும் தெரியாமல், "இந்தாங்க" என்கிறார்கள்.

அந்த வாரமே மருமகளை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அக்காவும் வந்தாள். எதெல்லாம் சுவாசித்தாள் என்று டாக்டர் கேட்டபோது, அக்கா கடைத் துணிச்சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கம் அவள் கையெழுத்தில், பெர்க் இரண்டு பங்கு, ட்ரைக்குளோர் ஒரு பங்கு, பெயிண்ட் தண்ணி ஒரு பங்கு என்று இருந்தது. பத்து வருடமாக யாருக்கும் சொல்லாத கைப்பக்குவம். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். கல்லீரல் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது, விலகி இருந்தால் இறங்கும் என்று நினைக்கிறேன், மாதாமாதம் பார்ப்போம் என்றார். அக்காவின் மூக்கைப் பற்றிக் கேட்டதற்கு, அதனாலும் இருக்கலாம், திரும்புவது சந்தேகம் என்றார்.

எல்லாரும் எழுந்த பிறகு அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். "போன வருஷம் போச்சே டாக்டர், அது இதனாலயா?"

"இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. இல்லன்னும் என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அந்தப் பதிலோடுதான் அவள் இப்போது வீட்டில் நடந்துகொண்டிருக்கிறாள். மருமகள் பேசுகிறாள், கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. மாதம் ஏழு ஆகிவிட்டது. குழந்தைக்கு மெத்தென்ற பழைய துணி வேண்டும். வீட்டில் இருந்த பழைய பருத்தித் துணியெல்லாம் அக்கா வேலைக்குப் போட்டுப் போட்டு நைந்தவை. புதுசு மொடமொடவென்று இருக்கும் என்று அவற்றையே சதுரமாக வெட்டினாள். வெட்டியதைத் துவைத்தாள், வெயிலில் போட்டாள், மறுபடி துவைத்தாள். அந்தச் சாமான் அப்போதே காற்றில் போயிருக்கும், துணியில் நிற்காது என்று அளவெடுத்த பெண் போனில் சொல்லிவிட்டாள். அக்காவுக்குப் போதவில்லை. ஒவ்வொரு துவையலுக்கும் ஒரு துண்டை என்னிடம் கொண்டு வந்து நீட்டுவாள்.

"மோந்து பாரு. போயிடுச்சா?"

"போயிடுச்சு அக்கா."

நேற்று ஏழாவது தடவை. நானும் வழக்கம்போல முகர்ந்து, வழக்கம்போலச் சொன்னேன். அவள் துண்டை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் பதினோரு வருஷம் அங்கதான் இருக்க" என்றாள்.

எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. துண்டை மறுபடி முகத்தில் வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. வெயில் வாசனைகூட இல்லை. வெயிலில் காய்ந்த துணிக்கு ஒரு வாசனை உண்டே, அது இருந்ததா, எனக்குத்தான் தெரியவில்லையா என்று திகைத்துப் போனேன். அடுக்களைக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன். வாசனை வந்தது. வந்ததா, டப்பாவைப் பார்த்ததால் வந்தது போலிருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். அக்காவும் பின்னாலேயே வந்தாள். எங்கள் கடைப் பக்கமே வராத யாராவது ஒருவரைக் கேட்க வேண்டும். எதிர்வீட்டுக் கதவை நான் தட்டினேன்.